முழு விலைக்கு ஒரு கார்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். மாமாவின் முழங்கால் வலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ண மாட்டேன் என்கிறது. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, என் மருமகள் எல்லாரும் சுகம்தானே? குளிர்பதனக் கிடங்கில் நின்று நின்று உன் விரல்கள் இந்நேரம் வெடித்திருக்கும். போன வருஷம் அனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீயும் நானும் போனை எடுத்தால் மூன்றாவது பேச்சில் சண்டை வந்துவிடும். அம்மா இறந்த வருஷம் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு, முக்கியமானது எல்லாம் கடிதத்தில்தான் என்று நாமே வைத்துக்கொண்ட சட்டம் இது. நல்ல சட்டம்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் வைத்துவிட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் டிரைவிங் ஸ்கூல் வேலையை விடப் போகிறேன். விடப் போகிறேன் என்ன, விட்டாகிவிட்டது. முதலாளியிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். மார்ச் முடிய வேலை பார்த்தால் போதும். எத்தனை வருஷம்தான் அடுத்தவன் காரில் உட்கார்ந்து “பிரேக், பிரேக்” என்று கத்திக்கொண்டிருப்பது? தெருவில் என் பெயரே “பிரேக் அக்கா” ஆகிவிட்டது. சொந்தமாகப் புது கார் வாங்கி, பெண்களுக்கு மட்டும் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பன்னிரண்டு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரம் வகுப்பு தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

கார் வாங்கப் போவது உன் மாமாவுக்குத் தெரியும், வேலையை விட்டது தெரியாது. தெரிந்தால் மனிதருக்குத் தூக்கம் போய்விடும். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர், கை நடுங்கக் கூடாது. காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இப்போதைக்கு உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

எந்த ஷோரூமுக்குப் போகலாம்? உனக்கு ஆட்களைத் தெரியுமே, எழுது. உன் வேலை எப்படிப் போகிறது என்றும் எழுது. போன கடிதத்திலேயே கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். பாப்பாவுக்கு இரண்டு பல் விழுந்திருக்கிறது, அதனால் யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து காட்டுகிறாள். மாமாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

நீ எடுத்த முடிவு சரியான முடிவு. இதை நீ எப்போதோ செய்திருக்க வேண்டும். என்னோடு படித்த ஐஸ் ஞாபகம் இருக்கிறானா? வாத்தியார்களுக்கே ஐஸ் வைத்து மார்க் வாங்கினானே, அவன்தான். உங்கள் ஊர் ஷோரூமில் இப்போது விற்பனையை அவன்தான் பார்க்கிறான். அவனிடம் போ. என் அக்கா என்று சொன்னால் நன்றாகக் கவனிப்பான்.

விலை விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். சிநேகிதம் வேறு, வியாபாரம் வேறு. பேரம் பேச உனக்கா சொல்லித்தர வேண்டும்?

அன்புடன்,
தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமா? பாப்பாவின் விழுந்த பல்லை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். வேலையைப் பற்றி இந்தத் தடவையும் நீ எழுதவில்லை. நன்றாகத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் ஐஸைப் பார்த்தேன். ஷோரூமா அது! தரை பளபளவென்று இருந்ததில் செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று உன் மாமா வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார். உள்ளே புது ரப்பர் வாசனை. காருக்குக் காது குத்துகிற மாதிரி கண்ணாடியில் சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண் வந்து டீ கொடுத்தாள். காகிதக் கோப்பையில் இரண்டு மடக்கு. குடித்து முடித்ததும் ஒருவன் வந்து மாமாவைப் பார்த்து, “சார், வண்டியை ஓட்டிப் பாக்குறீங்களா?” என்றான். மாமா, “எனக்கு சைக்கிளே தகராறுப்பா, அவங்களைக் கேளு” என்றார்.

ஓட்டினேன். தம்பி, எனக்கு இந்தக் கார்தான் வேண்டும். ஏன் தெரியுமா? இப்போது வருகிற கார்களில் எல்லாம் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்துவிட்டார்கள். கற்றுக்கொள்கிற பெண் பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பக்கத்தில் இருக்கிற நான் பொத்தானையா தேடிக்கொண்டிருப்பது? என் கையில் வசமாகச் சிக்குகிற மாதிரி நடுவில் ஒரு கம்பி வேண்டும். என் காசுக்குள், உடனே கிடைக்கிற மாதிரி அது இருக்கிற கார் இது ஒன்றுதான். மற்ற கம்பெனியில் இருக்கிறது, ஆனால் வண்டி வர இரண்டு மாதம் ஆகுமாம். எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

இதெல்லாம் ஐஸிடம் காட்டிக்கொள்ளவில்லை. “நிறம் பரவாயில்லை, பார்க்கலாம்” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாதக் கடைசியில் திரும்பப் போவேன். விற்பனைக் கணக்கை முடிக்க அப்போதுதான் இறங்கி வருவார்கள்.

அன்றைக்கு அம்மாவின் குடையையும் எடுத்துப் போகிறேன். சிரிக்காதே. பீரோ வாங்கினபோது, உனக்குப் பள்ளிக்கூட சூட்கேஸ் வாங்கினபோது, என் கல்யாணப் பட்டு எடுத்தபோது எல்லாம் எது வேலை செய்தது? கடையில் குடையை ஓரமாகச் சாய்த்து வைப்பாள். விலை படியவில்லை என்றால் விறுவிறுவென்று எழுந்து போய்விடுவாள். தெருமுனை வரைக்கும் போவாள். கடைக்காரன் கூப்பிட்டால் சரி. கூப்பிடாவிட்டால், “ஐயோ, குடையை மறந்துட்டேனே” என்று திரும்பி வருவாள். அந்தச் சாக்கில் பேச்சு மறுபடி தொடங்கும். மானமும் போகாது, பொருளும் போகாது. நீயும் நானும் தெருமுனையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போமே! அதே குடைதான். ஒரு கம்பி உடைந்து நூல் கட்டியிருக்கிறது.

பேசிக் குறைக்கிற காசில் இரட்டை பிரேக் மாட்ட வேண்டும். என் பக்கம் என் காலுக்கும் ஒரு பிரேக். அது இல்லாமல் வகுப்பு நடத்த அனுமதி கிடையாது. அதற்குத் தனியாகக் காசு இல்லை, இந்தப் பேரத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நலம்தானே?

உன் கடிதம் படித்தேன். குடையை நினைத்துச் சிரித்தேன். அம்மா கெட்டிக்காரி.

நீ எந்தத் தேதி போகிறாய்? காலையா மாலையா? மாமாவும் வருகிறாரா? சும்மாதான் கேட்டேன். அன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டு இருக்கலாமே என்றுதான். அதிகபட்சம் எவ்வளவு வரைக்கும் போவாய் என்றும் எழுது. ரொம்பப் பிடிவாதம் பிடித்து வண்டியைக் கோட்டைவிட்டுவிடாதே.

உடனே பதில் போடு. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார் வாங்கிவிட்டேன். வாசலில் நிற்கிறது. வெள்ளை நிறம். தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்தான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

நான் எழுதினேனே, கடைசிச் சனிக்கிழமை காலை என்று, அப்படியே போனோம். குடையைச் சோபாவின் காலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். விலை பேச்சு தொடங்கியது. நான் ஒன்று சொன்னால் உன் ஐஸ், “மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்” என்று கண்ணாடி அறைக்குள் போவான். உள்ளே மேனேஜரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான், இங்கிருந்தே தெரிந்தது. வெளியே வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “சாரிக்கா, ஒரு பைசாகூட குறைக்க முடியாதாம்” என்பான். மூன்று தடவை போனான், மூன்று தடவையும் அதே பாட்டு. தரைவிரிப்பாவது இலவசமாகக் கொடு என்றேன். அதற்கும் உள்ளே போய்விட்டு வந்தான்.

“அப்போ நாங்க கிளம்பறோம்” என்று எழுந்தேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். மாதிரிக் கார் நிற்கிற இடம் வரைக்கும் போயிருப்போம், பின்னால் ஓடிவருகிற சத்தம். “அக்கா! அக்கா!” என்றான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். கூப்பிட்டுவிட்டான் பார்த்தாயா என்று.

திரும்பினேன். உன் ஐஸ் இரண்டு கையாலும் அம்மாவின் குடையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

“அக்கா, குடையை மறந்துட்டுப் போறீங்களே!”

வாயெல்லாம் பல். நான் குடையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? கையில் குடை, எதிரே மொட்டை வெயில், திரும்பிப் போக ஒரு சாக்கும் கிடையாது. மனிதர்கள் குடையை எடுத்துக்கொடுப்பது உலகத்தில் நடக்காததா, நல்ல பிள்ளையாகத்தான் செய்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்து அவன் சொன்னதுதான். “யோசிச்சுப் பாருங்கக்கா. வேலையையும் விட்டுட்டீங்க. கிளாஸ் ஆரம்பிக்கணும். ஹேண்ட் பிரேக் இருக்கிற வண்டி வேற எங்க கிடைக்கும்?”

மாமா என் கையை விட்டுவிட்டார். கோபத்தில் உதறவில்லை, மெதுவாகத்தான் விட்டார். “வேலையை விட்டுட்டியா?” என்று கேட்டார். அந்த மனிதரை நான் அப்படி நடுத்தெருவில் நிற்க வைத்திருக்கக் கூடாது. அதற்கு மேல் பேரம் பேச எனக்கு முகம் இல்லை. உள்ளே போய், கேட்ட விலைக்குக் கையெழுத்துப் போட்டேன். அவன் கேட்டது, உனக்கு நான் எழுதினேனே அதிகபட்சம் என்று, சரியாக அதே தொகை. அந்த இரண்டு மடக்கு டீயைக்கூட மறுபடி கொடுக்கவில்லை.

இரட்டை பிரேக்குக்குக் காசு இல்லை. வகுப்பு தள்ளிப்போகிறது. மாமா அன்றிலிருந்து என்னை “மேடம்” என்று கூப்பிடுகிறார். “மேடம், சாப்பாடு ஆச்சா? மேடம், லைட்டை அணைக்கட்டுமா?” திட்டினாலும் தாங்கிக்கொள்வேன்.

வேலையை விட்ட விஷயம் உன்னையும் முதலாளியையும் தவிர யாருக்கும் தெரியாது. ஹேண்ட் பிரேக் பைத்தியம் எனக்கு என்பதும் அந்த ஆளுக்குத் தெரியும். கார்க் கம்பெனிக்காரர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். அவர்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு யார்?

உன் அக்கா

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் போடத் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல், இப்போது தேவலை.

நடந்ததை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வண்டி நல்ல வண்டி. விலை முன்பின் ஆனால் என்ன, வாசலில் நிற்கிறதே. நீ சொல்வது போல முதலாளியாகத்தான் இருக்கும். நீ போனால் தொழில் போகுமே என்ற வயிற்றெரிச்சலில் சொல்லியிருப்பார். அந்த மாதிரி ஆட்களை நம்பவே கூடாது. மற்றபடி யாரையும் சந்தேகப்பட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமா நல்லவர், சரியாகிவிடுவார்.

தம்பி

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்தபிறகுதான் மூச்சு வந்தது. அவளுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன், பின்னால் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த கையோடு முதலாளியிடம் போனேன். நீயே சொல்லிவிட்டாயே, அவர்தான் என்று. ஆபீஸில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டேன். “இத்தனை வருஷம் உங்க வண்டியில ஒரு கீறல் விழாம பாத்துக்கிட்டேனே, என்னை இப்படி வித்துட்டீங்களே” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். “உனக்கு யாரும்மா அப்படிச் சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார். என் தம்பி சொன்னான் என்று சொல்லவில்லை. உன்னை எதற்கு இழுக்க வேண்டும்?

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். புது கார் உறை போட்டு நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரி இறங்காமல் இருக்க முடுக்கிவிட்டு அணைக்கிறேன். பக்கத்து வீட்டம்மா, “புகை போடுறீங்களா, கொசு குறையும்” என்கிறாள். சிரிப்புத்தான் வருகிறது, போ.

மாமா இப்போது “மேடம்” என்பதை விட்டுவிட்டார். கண்ணாடிக் கடையில் கூடுதல் நேரம் நின்று இரட்டை பிரேக்குக்குச் சேர்க்கிறார். முழங்காலோடு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

உன் வேலை என்ன ஆயிற்று? நான்காவது தடவை கேட்கிறேன். ஏதாவது கஷ்டமா? இருந்தால் எழுது. என்னிடம் என்ன ஒளிவு மறைவு?

உன் அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரு நல்ல செய்தி. நாங்கள் ஊர்ப்பக்கமே வந்துவிட்டோம். கிடங்கு வேலை சரிப்படவில்லை. இங்கே ஒரு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம்தான். பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. வீடு ஒழுங்கானதும் வந்து பார்க்கிறேன். முதலாளி விஷயத்தை விட்டுவிடு, நடந்தது நடந்துவிட்டது. மேலே இருப்பது புது முகவரி.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

மாமா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே படித்துக்கொள்.

நேற்று காரை முதல் இலவச சர்வீஸுக்கு விட்டேன். ஓடாத வண்டிக்கு என்ன சர்வீஸ் என்று கேட்காதே, தேதி தாண்டினால் அதுவும் போய்விடும். ஷோரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் ஐஸ் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். இனிப்பு டப்பாவை நீட்டினான்.

“எடுத்துக்கங்கக்கா, உங்களுக்குத்தான் முதல்ல தரணும். தம்பி எங்க புது பிராஞ்ச்ல சேந்துட்டான் தெரியுமில்ல?”

தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று நம்பி, அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான்.

“போன வருஷமே கிடங்கை மூடிட்டாங்களே, பாவம், எத்தனை மாசம் அலைஞ்சான். எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுடான்னு கேட்டான். விக்கிறவனுக்கு முகதாட்சண்யம் இருக்கக் கூடாதுடா, உனக்கு அது ஜாஸ்தி, முதல்ல ஒரு வண்டியை முழு விலைக்கு வித்துக் காட்டுன்னேன். பய உங்களையே காட்டிட்டான்! அந்தக் குடை விஷயம் சொன்னான் பாருங்க, விழுந்து விழுந்து சிரிச்சேன். அக்கா குடையை வெச்சிட்டுப் போவாங்க, நீ எடுத்துட்டுப் போய்க் கையில குடுத்துடு, அப்புறம் அவங்களால திரும்பி வர முடியாதுன்னான். அசந்துட்டேங்கா!”

இனிப்பு என் கையில் இருந்தது. கையைத் துடைக்க இடம் இல்லை. பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

டேய், நான் என்ன எழுத? குறைக்காத விலை போனது போகட்டும். அம்மாவின் குடையைச் சொல்லிக் கொடுத்தாயே. அவள் நம் இரண்டு பேர் வயிற்றுக்காகக் கடைத்தெருவில் போட்ட வேஷம் அது. அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். வேலையை விட்டதைப் புருஷனிடம் சொல்லாமல் உன்னிடம் சொன்னேன். அதை எடுத்து அவர் முன்னாலேயே எறியக் கொடுத்தாய். அதற்கும் மேலே, முதலாளிதான் என்று உன் கைப்பட எழுதினாய். நான் போய் ஒரு பாவமும் அறியாத மனிதரை நாலு பேர் நடுவில் கேவலப்படுத்தினேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

வேலை போய்விட்டது அக்கா என்று ஒரு வரி எழுதியிருந்தால், காரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்ததை உனக்கு அனுப்பியிருப்பேன். நான்கு தடவை கேட்டேனே.

ஐஸ் சொன்னது பொய் என்றால் பொய் என்று எழுது. நான் நம்புகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐஸ் எதையும் கூட்டித்தான் சொல்வான். நான் சொன்னது வேறு, அவன் செய்தது வேறு. குடையைப் பேச்சுவாக்கில் ஒரு தமாஷாகத்தான் சொன்னேன்.

நீ எப்படியும் அந்தக் காரைத்தான் வாங்கியிருப்பாய். நீயே எழுதியிருக்கிறாய், இந்தக் கார்தான் வேண்டும் என்று. பார்க்கப் போனால் கொஞ்சம்தான் அதிகம். என் நிலைமையை யோசித்துப் பார். பாப்பாவுக்குப் பால் வாங்கக் கடையில் கடன் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் கை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து உன்னிடம்தானே வாங்கிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றையும் கடிதத்தில் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். வாசலில் நிற்க வைத்துவிடாதே.

உன் தம்பி

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

வாசலில் நிற்க வைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், மாமா உன்னோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை. நீ காரைத் தடவிப் பார்த்து, “நல்லா வெச்சிருக்கேக்கா” என்றாய். விற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொய் என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று சாயங்காலம் வரைக்கும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ விலைப்பட்டியலில் வரப்போகிற மாற்றத்தைப் பற்றி மாமாவிடம் பேசினாய்.

நீ வந்து போன மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போனேன். எந்த நாலு பேர் எதிரில் திட்டினேனோ அந்த நாலு பேரையும் வரச் சொல்லி, அவர்கள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன். மனிதர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அவர் ஓட்டாமல் நிறுத்திவிட்ட பழைய வண்டியிலிருந்து இரட்டை பிரேக்கைக் கழற்றி என் காரில் மாட்டிவிடச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். “எனக்கு இனிமே எதுக்கும்மா” என்றார். மூன்று பெண்களோடு திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. மாமா கூடுதல் நேரம் நிற்பதை நிறுத்திவிட்டார்.

பாப்பாவின் கவுனை இத்துடன் வைத்திருக்கிறேன். குழந்தை என்ன செய்தாள்? அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் வரும். அதற்குப் பதில் போட வேண்டியதில்லை.

பார்சலில் நீளமாக இருப்பது உன் குடை. நீ போனபிறகு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. புத்தம் புதிது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அன்றைக்கு மழை இல்லை, மழைக்கான மேகமும் இல்லை. மாமா அதை எடுத்துக்கொண்டு உன் பின்னால் ஓடப் பார்த்தார். நான்தான் பிடித்து நிறுத்தினேன். “இருக்கட்டுமே, அதை எடுக்கிற சாக்குலயாவது மறுபடி வருவான்” என்றார். அவருக்கு விவரம் தெரிந்துதான் சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ.

இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் குடை அலமாரியில் இருக்கிறது. உன்னுடையதையும் அதன் பக்கத்தில் வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. பிறகு பழைய துணியில் நன்றாகச் சுற்றிக் கட்டினேன்.

குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாயே தம்பி. இந்தா, வாங்கிக்கொள்.

அக்கா